பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது... சரி, என் பணம் எங்கே?

ஏடிஎம்மில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வருகிறது. சந்தோஷம். ஆனால் அது யாருக்குப் புரிகிறது?

"பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது." இதில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, விஷயமும் இல்லை! கணக்கில் பணம் போதவில்லையா? ரகசிய எண் தப்பா? இயந்திரத்திலேயே பணம் தீர்ந்துவிட்டதா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, கணக்கில் பணம் கழிந்ததா இல்லையா?

காரணம் வங்கிக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அட்டைப் பரிமாற்றங்களுக்கான ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் உண்டு. 51 வந்தால் கணக்கில் போதிய பணம் இல்லை, 55 வந்தால் ரகசிய எண் தவறு. இயந்திரத்துக்குப் போய்ச் சேரும் காரணம், எதிரே நிற்கும் மனிதருக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை.

எங்கள் ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையையும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள் அதிகம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது அந்த ஆயிரம் ரூபாயும் வங்கிக் கணக்கில்தான் வந்தது. அப்படிப் பணம் எடுக்கப் போகும் ஒரு அம்மாவுக்கு "நிராகரிக்கப்பட்டது" என்றால், ஆயிரம் போச்சு என்றுதான் அர்த்தம்.

உண்மையில் அது போகாது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கணக்கில் கழிந்து, இயந்திரம் பணம் தராவிட்டால், 5 நாட்களுக்குள் வங்கியே திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்காவிட்டாலும் தர வேண்டும். திரையில் எழுத வேண்டியது இதைத்தானே?

"பணம் வரவில்லை. கணக்கில் கழிந்திருந்தால் 5 நாட்களில் வங்கியே திருப்பித் தரும். இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்."

'பரிவர்த்தனை'யைத் தூக்கிவிட்டு 'கொடுக்கல் வாங்கல்' என்று போட்டால் தீராது நண்பர்களே. சிக்கல் சொல்லில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த அரைகுறை வாக்கியத்தை அப்படியே தமிழாக்கியதில் இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் "பாக்கி 340" என்று எழுதுகிறார். யாருக்காவது புரியாமல் போகிறதா?

என் கருத்து இதுதான்: என்ன நடந்தது, பணம் என்ன ஆச்சு, அடுத்து என்ன செய்வது. இந்த மூன்றையும் சொல்லாத வாக்கியம் எந்த மொழியில் இருந்தாலும் திரையில் ஏறக்கூடாது. ஏற்றுவதற்கு முன் வரிசையில் நிற்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். செலவே இல்லாத சோதனை :-)