துவர் என்னும் சொல்

அண்மையில் பெங்களூரில் சிவப்பு வைன்களைச் சுவைத்தறியும் அமர்வொன்றுக்குச் சென்றிருந்தேன். தென் பிரான்சின் லாங்குடாக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்தவை. கிரனாஷ், சிரா, காரிஞான் திராட்சைகளின் கலவை. நடத்தியவர் ‘டானின்’ என்றால் என்ன என்பதை விளக்க வெகுநேரம் முயன்றார்: கசப்பன்று, புளிப்பன்று, நாவையும் ஈறுகளையும் உலர்த்தி இறுக்குவது. உடன் வந்த நண்பர் என் காதில், “துவர்க்குது, அவ்வளவுதானே!” என்றார். அதே நண்பர்தான் திரும்பும் வழியில், “இதையெல்லாம் தமிழில் எழுத முடியாது” என்றும் சொன்னார். இப்பதிவு அவ்விரண்டாம் கூற்றுக்கான மறுப்பு.

அறுசுவைகளுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணும் மரபு நம்முடையது. வாழைப்பூவும் பாக்கும் கடுக்காயும் அதைச் சிறுவயதிலேயே நமக்குக் கற்பித்துவிடுகின்றன. கன்னடர்க்கு அது ‘ஒகரு’. ஆங்கிலத்தில் அதற்கான சொல் பெரும்பாலும் ஏட்டுவழக்கு. நமக்கோ அடுக்களைச் சொல்.

இன்னொன்றும் உண்டு. ‘துவர்’ என்பதற்குச் செந்நிறம் என்றும் பொருள். துறவியர் அணியும் காவியுடை துவராடை. சிவப்பு வைனின் நிறம் திராட்சைத் தோலிலிருந்து வருவது. துவர்ப்பில் ஒரு பகுதியும் அத்தோலிலிருந்தே இறங்குகிறது. இப்பொருத்தம் தற்செயலானதே, வைனை எண்ணி யாரும் அச்சொல்லை ஆக்கவில்லை. எனினும் ஒரே சொல்லில் இரண்டும் அடங்குவது எழுதுவோர்க்கு வாய்த்த கொடை.

பொருளும் நமக்குப் புதிதன்று. யவனர் நற்கலங்களில் கொணர்ந்த நறுந்தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. ‘தேறல்’ என்பதே தெளிந்தது என்னும் பொருளுடையது. மது வடிப்போரின் நுட்பம் அதில் பதிந்திருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? சொல்லில் அன்று, உவமையில். நாம் உண்டறியாத பிளாக்பெர்ரியையும் பிளம்மையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம். இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் கூடி, நாவிலும் நிறமேற்றும் நாவற்பழம் நம் தெருவிலேயே விற்கிறது. நந்தி மலை அடிவாரத்தில் விளையும் ஷிராஸ், அந்தச் சிராவேதான். அதைப் பற்றி எழுதவும் இரவல் பழங்களையே நாடுகிறோம்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு துறையில் தமிழ் எழுதப்படாமையை, அத்துறைக்குத் தமிழ் போதாமை என்று ஆய்வாளர்களாகிய நாமே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். முன்னது நம் பழக்கம் பற்றியது. பின்னது மொழி பற்றியது.