ஒலிவியா போட்ட வழக்கு

ஒலிவியா டி ஹாவிலண்ட் 2020 ஜூலை 26 அன்று பாரிஸில் தம் 104-வது வயதில் காலமானார். அப்போது நான் படித்த அஞ்சலிகளில் பல இரண்டே விஷயங்களைச் சுற்றி வந்தன. ஒன்று, ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் அவர் ஏற்ற சாந்த சொரூபியான மெலனி. இன்னொன்று, நடிகையான தங்கை ஜோன் ஃபான்டெய்னுடன் அவருக்கிருந்த மனக்கசப்பு. தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் எனக்கு இது ஆறவில்லை. அவருடைய ஆகப்பெரிய சாதனை எந்தப் படச்சுருளிலும் இல்லை, கலிஃபோர்னியா நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இருக்கிறது.

1916-ல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர் ஒலிவியா. 1934-ல் மாக்ஸ் ரைன்ஹார்ட் இயக்கிய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மாற்று நடிகையாகச் சேர்ந்து, கடைசியில் தாமே மேடையேறினார். பதினெட்டு வயதில் வார்னர் பிரதர்ஸுடன் முதல் ஒப்பந்தம், 1936-ல் ஏழாண்டு ஒப்பந்தம். எர்ரால் ஃபிளின்னுடன் எட்டுப் படங்கள். அவற்றில் பெரும்பாலும் நாயகனின் காதலி என்பதற்கு மேல் அவருக்கு வேலையில்லை. மெலனி வேடம்கூட வெளிக் கம்பெனியின் படத்தில் கிடைத்ததுதான். அதற்கு அனுப்ப ஸ்டுடியோ தலைவர் ஜாக் வார்னர் மறுத்தபோது, அவர் மனைவியிடம் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அன்றைய ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஸ்டுடியோ கொடுக்கும் வேடத்தை மறுத்தால் சஸ்பென்ஷன். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, வேறிடத்தில் நடிக்கவும் கூடாது. போதாக்குறைக்கு அந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். மறுக்க மறுக்க ஏழாண்டு நீண்டுகொண்டே போகும். 1943-ல் தம் காலம் முடிந்தது என்று ஒலிவியா நினைத்தபோது, இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் பாக்கி என்றது நிறுவனம்.

இதே நிறுவனத்தை அவருக்கு முன் எதிர்த்தவர் பெட் டேவிஸ். 1936-ல் லண்டன் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். சட்டம் படித்தவர்களுக்கு அது ‘வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்’ என்ற பெயரில் தெரியும். நெல்சன் என்பது டேவிஸின் அப்போதைய கணவர் பெயர்.

இந்தத் தோல்வி கண்முன் இருக்க, வழக்கறிஞர் மார்ட்டின் காங் துணையோடு ஒலிவியா வழக்குத் தொடுத்தார். தனிப்பட்ட உழைப்புக்கான ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர்மீது சுமத்த முடியாது என்று கலிஃபோர்னியா சட்டம் சொன்னது. ஏழாண்டு என்றால் வேலை செய்த நாட்களின் கூட்டுத்தொகை என்று ஸ்டுடியோ வாதிட்டது. நாட்காட்டியில் ஓடும் ஏழாண்டுதான் என்றார் ஒலிவியா. கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வார்னர் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

வழக்கு நடந்த காலத்தில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கு எழுதினார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒலிவியா கேமரா முன் நிற்கவில்லை. ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வந்தார்.

விடுதலை என்ன தந்தது என்பதற்குப் படங்களே சாட்சி. 1946-ல் வந்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ முதல் ஆஸ்கரைத் தந்தது, 1949-ல் வந்த ‘தி ஹெய்ரஸ்’ இரண்டாவதை. ‘ஹெய்ரஸ்’ படத்தில் காதலனோடு ஓடிப்போக, ஒலிவியா நடித்த கேத்தரின் இரவெல்லாம் பெட்டியோடு காத்திருப்பாள். அவன் வரமாட்டான். விடியற்காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். வசனமில்லை. அழுகையுமில்லை. தோள் சரிந்து, ஒவ்வொரு படியையும் இழுத்து இழுத்துக் கடக்கும் அந்த நடையில் ஒரு பெண்ணின் இளமை முடிந்துபோகிறது. காலிப்பெட்டியோடு எடுத்தபோது இது சரியாக வரவில்லை. பிறகு இயக்குநர் வில்லியம் வைலர் பெட்டிக்குள் கனத்த புத்தகங்களை அடைக்கச் சொன்னார். பழைய ஒப்பந்தத்தில் கிடந்த ஒலிவியாவுக்கு இப்படியொரு வேடம் எளிதில் வாய்த்திருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தச் சட்டப்பிரிவு ஒலிவியா உருவாக்கியதல்ல, அவருக்கு முன்பே புத்தகத்தில் இருந்தது. தன் வருமானத்தையும் பெயரையும் பணயம் வைத்து அதைப் படிக்கச் சொல்ல ஆள்தான் இல்லை. அன்றாடச் சம்பளத்தை நம்பியிருக்கும் தொழிலாளியால் இரண்டாண்டு வேலையின்றி வழக்காட முடியாது. புகழும் கையிருப்பும் உள்ளவர்கள்தான் முதலில் படியேற வேண்டும். அப்படி அவர்கள் வாங்கும் தீர்ப்பு மற்றவர்களுக்கும் பயன்படும். 2008-ல் இஎம்ஐ நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு ஜாரெட் லெட்டோவின் இசைக்குழுமீது வழக்குப் போட்டபோது, அந்தக் குழு பற்றிக்கொண்டது இந்த ஏழாண்டு விதியைத்தான்.

கலைஞர்களின் வரலாற்றை விருதுகளாலும் குடும்பச் சண்டைகளாலும் நிரப்புவதை நாம் நிறுத்த வேண்டும். சக தொழிலாளர்களுக்கு அவர்கள் எதை வென்று கொடுத்தார்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். ஒலிவியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1944-லிருந்து தொடங்கட்டும். மெலனி அதற்குப் பிறகு வரட்டும்.