விற்ற பின் வந்த வருத்தம்

மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். அவர்களுள் நாமும் ஒருவர்.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எம் தந்தையாரின் ஹொண்டா எம். டி. 90 வண்டியும் அவ்வாறே புகை கக்கி ஓடிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இடப்பெயர்வில், சன நெரிசலினூடே அதனைத் தென்மராட்சிவரை உருட்டிச் சென்றோம். அம்மம்மா அதன்மீது அமர்ந்திருந்தார்.

2002இல் ஏ-9 பாதை திறந்ததும் புதுவண்டி மோகம் எம்மைப் பற்றிக்கொண்டது. பழையதைச் சொற்ப விலைக்கு விற்றோம். தந்தையார் தடுத்தாரல்லர். "வாங்கினவன் அதுக்கு மண்ணெண்ணெய் விடமாட்டான்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மறைந்தபின் அவ்வண்டியைத் தேடித் திரிந்தோம். பல கை மாறிய அது அகப்படவில்லை.

அன்பர்களே, பழைய வண்டியை விற்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.