லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஏன் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும்?

பிளஸ் டூ முடிச்சாச்சு. பயாலஜி குரூப். அடுத்து என்னன்னு கேட்டால் டாக்டர், நர்ஸ், மிஞ்சிப்போனால் பிசியோதெரபி. நம்ம வீடுகளில் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றோடு முடிஞ்சுடும். நான்காவதாக ஒன்று இருக்கிறது: ஆக்குபேஷனல் தெரபி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்து மாணவி ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்தால், அது அவருக்கு மட்டும் லாபமில்லை.

அது என்ன வேலை?

'ஆக்குபேஷன்' என்றதும் வேலைவாய்ப்புன்னு நினைச்சுடாதீங்க. ஒருவர் தினமும் செய்யும் காரியங்கள் என்பதுதான் இங்கே அர்த்தம். குழந்தைக்கு என்ன காரியம்? சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது, பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, விளையாடுவது. செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் பலருக்கு இதுவே மலை. பிசியோதெரபிஸ்ட் அசைவிலும் தசை பலத்திலும் கவனம் வைப்பார். இவரோ, அந்த அசைவை வைத்துக் குழந்தை என்ன செய்யப்போகிறது என்று பார்ப்பார். தேவைப்பட்டால் கரண்டியின் கைப்பிடியைத் தடிமனாக்கித் தருவார்.

இது புதுசும் இல்லை. 1950-லேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கிவிட்டார் கமலா நிம்ப்கர்.

எப்படிப் படிப்பது?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பட்டத்தின் பெயர் பி.ஓ.டி. 4 ஆண்டு வகுப்பு, 6 மாதம் இன்டர்ன்ஷிப் என்பது இதுவரை இருந்துவந்த கணக்கு. 2021-ல் வந்த சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம் விதிகளைப் புதுப்பித்து வருகிறது. அதனால் நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துடுங்க. வேலூர் சி.எம்.சி., காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.ஹெச். போன்ற இடங்களில் படிக்கலாம். குழந்தைகள் பிரிவில் தேர்ச்சி பெற 2 ஆண்டு எம்.ஓ.டி. இருக்கிறது.

சிக்கல் எங்கே?

தூரத்தில். குப்பத்திலிருந்து பாலம் தாண்டிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு சென்னைக்கு ரயில். ஒரு ஊசி போட்டால் தீரும் விஷயம் இல்லை தெரபி. வாரா வாரம், மாதக்கணக்கில் தொடர வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா மீன் விற்கப் போக வேண்டும். ஒரு நாள் தெரபி என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. இரண்டு தடவை வந்துட்டு அந்தக் குடும்பம் நின்றுவிட்டால், 'அக்கறை இல்லாத பெற்றோர்' என்று சொல்வது நியாயமே இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை குறைபாடுகளைப் பரிசோதிக்கிறது. தமிழக அரசு 'விழுதுகள்' மையங்களைத் திறந்து வருகிறது. ஆனால் குறையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். பக்கத்திலேயே இருந்து வாரா வாரம் பார்க்கும் ஆள், மீதிப் பாதி.

உள்ளூர் ஆள் ஏன்?

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பிளாஸ்டிக் மணி கோக்கலாம். குப்பத்துக் குழந்தைக்கு வலைக்கயிற்றில் முடிச்சுப் போடுவதும் அதே பயிற்சிதான், கூடவே அது தாத்தா செய்யும் வேலை. நண்டு ஓட்டை உடைத்துச் சாப்பிடுவது, மணலில் தடுமாறாமல் நடப்பது, ஆடும் படகில் உட்காருவது என்று அந்தக் குழந்தையின் தேவைகளே வேறு. இதை அங்கேயே வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'அதுக்காக, படிச்ச பொண்ணு ஊருக்கே திரும்பி வரணுமா?' நியாயமான கேள்வி. நிச்சயமாகக் கட்டாயப்படுத்தக் கூடாது. சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பது அவர் உரிமை. தியாகம் செய் என்று கேட்பதை விட, திரும்பி வந்தால் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறதா என்று கேட்பதுதான் சரி. பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு 2 நாளாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கட்டும். மற்ற நாட்களில் அவர் பக்கத்துக் குப்பங்களுக்குப் போகட்டும். கௌரவமான நிரந்தரச் சம்பளம் கிடைக்கட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு, ஹாஸ்டல் செலவை அரசு ஏற்கட்டும். இவ்வளவும் இருந்தால் திரும்பி வர ஆள் கிடைப்பார்.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டுப் பையனோ 'பயாலஜி குரூப், அடுத்து என்ன?' என்று கேட்டால், இந்த நான்காவது பெயரையும் சொல்லிடுங்க.