கைச்சாத்துக்கு முன் ஆலோசனை

வயது சென்றவர்கள் தமது வீடு வளவின் மீது பணம் பெறுவது நமது பிரதேசங்களிலே புதிய வழக்கமன்று. வெங்காயச் செய்கையில் நட்டப்பட்டவர், வைத்தியச் செலவுக்குத் தட்டுப்பட்டவர், பிள்ளையின் வெளிநாட்டுப் பிரயாணத்துக்காகக் கடன்பட்டவர் என இவ்வழியை நாடுவோர் பலர். 2022ஆம் ஆண்டின் விலையேற்றம், ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் நம்பியிருந்தோரின் கையிருப்பையும் அரித்துவிட்டது. கடன்படுவோரை நாம் குறைகூற முன்வரவில்லை. யாருடைய ஆலோசனையைக் கேட்டபின் அவர்கள் கைச்சாத்திடுகிறார்கள் என்பதே எமது கேள்வி.

காணி விற்பனையும் ஈடும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் முடிக்கப்படல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. மோசடியைத் தடுக்க எழுந்த விதி இது. ஆயினும், கைச்சாத்து உண்மையானது என்பதற்கே அது காவல். கைச்சாத்திட்டவருக்கு அதனால் விளையும் நன்மை தீமைகளை அது ஆராய்வதில்லை. நடைமுறையிலோ நொத்தாரிசைத் தெரிவுசெய்பவர் பெரும்பாலும் பணம் கொடுப்பவரே. உறுதியை வாசித்து விளக்கியதாக அவர் சான்றெழுதுவார். ஆனால், "ஐயா, இதனை எழுதவேண்டாம்" என்று முதியவரிடம் சொல்வதற்கு அவ்விடத்தில் ஒருவருமில்லை.

எழுதப்படுவது எத்தகைய உறுதி என்பதிலேயே குடும்பத்தின் கதி தங்கியிருக்கிறது. ஈடாயின் காணி உடையவருக்கே உரியது. தனியாரொருவர் கடனை அறவிட வழக்காடித் தீர்ப்புப் பெறவேண்டும். வங்கிகளுக்கோ 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஏலம்போடும் அதிகாரத்தை வழங்கியது. தேசவழமை அறிந்த ஒற்றியில், வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனைப் பணம் கொடுத்தவர் அனுபவிப்பார். மீளக் கையளிக்கும் நிபந்தனையுடன் எழுதப்படும் அறுதியிலோ உரித்தே கைமாறிவிடுகிறது. தவணை தப்பினால் மீட்கும் உரிமையும் போய்விடும். ஈடு எழுதுவதாக நம்பி அறுதி எழுதிக்கொடுத்தவர்கள் நீதிமன்றப் படியேறுவதை நாம் கண்டிருக்கிறோம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு அத்தகையோருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. ஆனால், காணியின் பயனுரித்தைக் கொடுத்துவிட எண்ணவில்லை என்பதை நிரூபிக்கும் பாரம் அவர்கள் தலையிலேயே விழுகிறது. எழுபது வயதில் ஆண்டுக்கணக்கில் வழக்காடி வெல்வது எத்தனை பேருக்கு இயலும்?

இவ்விடயத்தில் அமெரிக்க நாட்டின் சட்டம் கவனிக்கத்தக்கது. அங்கே 62 வயதடைந்தோர் தமது வீட்டில் வசித்துக்கொண்டே அதன் மீது பணம் பெறலாம். வீட்டைவிட்டு நீங்கும்வரை அல்லது இறக்கும்வரை தவணைப்பணம் கட்டவேண்டியதில்லை. மறுதலை ஈடு எனத்தக்க இம்முறைக்கு 1988ஆம் ஆண்டிலே மத்திய அரசின் காப்புறுதி கிடைத்தது. கேட்பதற்கு இனிய இத்திட்டத்திலும் வட்டி வட்டியோடு சேர்ந்து வளரும். வீட்டு வரியையும் காப்புறுதிக் கட்டணத்தையும் செலுத்தத் தவறினால் வீடு பறிபோகவும் கூடும். ஆதலால், அரசாங்கம் அங்கீகரித்த ஆலோசகரைக் கண்டு சான்றிதழ் பெற்ற பின்னரே அரச காப்புறுதியுள்ள இக்கடனைப் பெறலாம். கடன் கொடுப்போருடன் தொடர்புடையவரோ அவர்களிடம் ஊதியம் பெறுபவரோ அவ்வாலோசகராக இருத்தலாகாதென 2008ஆம் ஆண்டின் சட்டம் திட்டமாக விதித்தது.

இத்தத்துவத்தை நாமும் கைக்கொள்ளல் வேண்டும். ஆலோசனை தேடுவோர் முதலில் அறியவேண்டியது, எதிரே இருப்பவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதையே. பணம் கொடுப்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவரை விலக்கி வேறொரு சட்டத்தரணியை நாடுக. உறுதியின் நகலைக் கைச்சாத்திடுமுன் கேட்டுவாங்கி அவரிடம் காட்டுக. உரித்து மாறுகிறதா, எழுதிய தொகை முழுவதும் கைக்கு வருமா, தவணை தப்பினால் என்ன நிகழும், எஞ்சிய வாழ்நாளில் கணவனும் மனைவியும் எங்கே இருப்பர் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை பெறுக. பொருள் வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வெட்கப்படாமல் அதன் கதவைத் தட்டலாம்.

தனிமனிதரின் விழிப்பு மட்டும் போதாது. 60 வயது கடந்தவர் தாம் வசிக்கும் வீட்டை ஈடாகவோ நிபந்தனை அறுதியாகவோ எழுதும்போது, சார்பற்ற சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைச் சான்றிதழ் இணைக்கப்படல் வேண்டுமெனச் சட்டம் இயற்றுமாறு கோருகிறோம். அச்சான்றிதழ் இல்லாத உறுதியைக் காணிப் பதிவாளர் பதிதல் கூடாது. முதியோரின் உரிமைகளைப் பேணவென 2000ஆம் ஆண்டிலே சட்டமியற்றிய பாராளுமன்றத்துக்கு இது பெருங்காரியமன்று. அச்சட்டம் வரும்வரை, சார்பற்றவரின் ஆலோசனையின்றிக் கைச்சாத்திடுவதில்லையென ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துக் கொள்வதாக.