உடைந்த பவளத்துக்கு என்ன மருந்து?

சென்ற கோடை விடுமுறையில் தென்காசியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் தன் மீன் தொட்டியைப் பெருமையோடு காட்டினான். இரண்டு தங்கமீன்கள், நடுவே, கிளைகிளையாக, வெள்ளை வெளேரென்று ஒரு பவளம். கடற்கரையில் கண்டெடுத்தது என்றான். ஒரு கிளை முறிந்திருந்தது. "இது மறுபடியும் வளர என்ன செய்யணும், மாமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஆனால் அவன் தொட்டியில் இருந்தது பவளத்தின் எலும்புக்கூடு மட்டுமே. பவளம் என்பது செடியுமல்ல, கல்லுமல்ல; அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொரு பாலிப்பும் தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. சதை அழிந்துபோன வெறும் சுண்ணாம்பு ஒருநாளும் வளராது.

சரி, உயிருள்ள பவளம் உடைந்தால் பிழைக்குமா? பிழைக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் டேவிட் வான் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத் தொட்டியில் 2006-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு பவளத்தை இடம் மாற்றும்போது அது உடைந்து, சில பாலிப்புகள் மட்டும் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. செத்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். சில வாரங்களில் பார்த்தால், காயம் ஆறியிருந்தது. பாலிப்புகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது! சிறு துண்டுகள் பெரிய பவளத்தைவிடப் பன்மடங்கு வேகமாகப் பரவுகின்றன என்பது இப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது.

இதில் மருந்து எங்கே இருக்கிறது? தண்ணீரில்தான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 25 முதல் 28 டிகிரி வரை வெப்பம், சுமார் 400 மில்லிகிராம் கால்சியம், தெளிந்த ஒளி, ஓயாத நீரோட்டம். இவை மாறாமல் இருந்தால் ஓரத்துச் சதை மெல்ல நகர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். தண்ணீர் கெட்டால், சதை மூடுவதற்கு முன்பே வேண்டாத பாசி அந்தக் காயத்தில் படர்ந்துவிடும். பவளத்தை நாம் குணப்படுத்துவதில்லை; அது தானே குணமடைகிறது.

"அப்படியானால் கடல்நீர்த் தொட்டி வைத்து வீட்டிலேயே வளர்க்கலாமே?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. தொட்டி சிறியது. வெயிலில் தண்ணீர் ஆவியானால் உப்பு ஏறும். மின்சாரம் நின்றால் ஓட்டம் நிற்கும். ஒரு பிற்பகலில் பல ஆண்டு வளர்ச்சி பாழாகிவிடும். மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான்! செத்த துண்டையும் எடுத்துவரக் கூடாது.

உடைந்த பவளத்துக்கு உதவும் வேலை நமக்கு அருகிலேயே, கடலுக்குள் நடக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். கிளைப் பவளங்கள் நன்றாகவே வளர்கின்றன.

ஆனால் 2010-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானது. சூடு தாங்காத பவளங்கள் தங்களுக்கு உணவூட்டும் பாசிகளையே வெளியேற்றி வெளிறிப்போயின. பல மாண்டன. வெட்டு விழுந்த பவளத்துக்குக் கைவைத்தியம் செய்யலாம். கடலே காய்ந்தால் என்ன செய்வது? நடுவது நல்ல பணிதான். அது மட்டும் போதும் என்று நாம் ஆறுதல் அடைவதுதான் தவறு. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பது குறையாவிட்டால், நட்டவையும் நிற்கா.

அதற்குத் தென்காசி மாணவர் என்ன செய்ய முடியும்? குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அருவியில் தேய்க்கும் சோப்பு நேராகப் போய்ப் பவளத்தைக் கொல்கிறது என்று நான் சொல்லமாட்டேன்; வழியில் எத்தனையோ அணைக்கட்டுகள், குளங்கள் உண்டு. ஆனால் ஆறு நெடுக ஊர் ஊராகச் சேரும் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் ஒருநாள் கடலுக்குத்தான் போகும். சூட்டில் வாடிய பவளம் தெளிந்த நீரில் தேறும். கலங்கிய நீரில் தேறுவது கடினம். சூட்டைக் குறைப்பது உலகத்தின் வேலை. நீரைக் கெடுக்காமல் அனுப்புவது நம் வேலை.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப எனக்குப் பவளம் கிடையாதா?" என்றான். "இருக்கிறது, தூத்துக்குடிக்கு அப்பால், தண்ணீருக்கடியில்" என்றேன். அவன் முகம் சற்று வாடத்தான் செய்தது.

அடுத்த சாரலில் நீங்கள் அருவிக்கரையில் நிற்கும்போது, கையிலுள்ள ஷாம்பு உறையை எங்கே போடப்போகிறீர்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள். தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது.