கோபம் யார்மீது வரவேண்டும்?

2017 ஏப்ரலில் மொன்றியல் நீதிபதி ஒருவர், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தமிழர் ஒருவரின் வழக்கை ஜூரி விசாரணைக்கு முன்பே நிறுத்தினார். "என்னண்டு விட்டவங்கள்?" எண்டு இன்றும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு.

விடை முன்தீர்ப்பில் இருக்கிறது. கியூபெக்கின் குடியியல் சட்டம் பிரெஞ்சு வழி வந்தது. ஆனால் குற்றவியல் ஆங்கிலேய மரபு. அதில் மேல் நீதிமன்றம் சொன்னது கீழ் நீதிமன்றத்தைக் கட்டும். 2016 ஜூலையில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த ஜோர்டன் வழக்கில், இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக 30 மாத எல்லை என்றது கனடிய உச்ச நீதிமன்றம். மொன்றியல் வழக்கிலோ, கைதாகி நாலரை வருடம் தாண்டியிருந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிறுத்தத்தை உறுதிசெய்தது.

இறந்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை ஒரு நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அகதி கேட்பவரின் உண்மைத்தன்மையில் சந்தேகம் வந்தால் நேரில் கேட்டே முடிவெடுக்கவேண்டும் என்ற 1985ஆம் ஆண்டின் சிங் தீர்ப்பும் முன்தீர்ப்புத்தான். எங்கட சனத்தில் எத்தனை பேர் அதன் நிழலில் இங்கே நிற்கிறோம்! பிடிக்காததை நீதிபதி தூக்கியெறியலாம் என்றால், எங்களைக் காத்ததும் நிலைக்காது.

கோபம் தாமதத்தின்மேல் வரட்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள்: நீதிபதிகளும் அரச வழக்கறிஞர்களும் போதுமா?